அண்ணன் உருண்டை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று உறையைப் பிரிக்கும்போதே நினைத்திருப்பீர்கள். இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீங்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

மார்ச் பத்தாம் தேதியோடு எங்கள் பள்ளிக்கு ஐம்பது வயது முடிகிறது. அன்று பெரிய கூடத்தில் விருந்து. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பாடம் எடுக்கிற நாங்கள் ஆறு பேரும், அவரவர் வீட்டு விசேஷங்களில் செய்கிற பண்டம் ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டுமாம். ஆளுக்கொரு மேசை. வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. நீங்கள் ஒவ்வொரு கல்யாண விருந்திலும் தட்டுக்கு இரண்டு வைப்பீர்களே, அந்த உருண்டைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் எனக்கு அதைச் செய்யத் தெரியாது. நாற்பத்தொரு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. விருந்துச் சமையல்காரரின் தங்கை, பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு பாகு வைக்கத் தெரியாது. பாதிக் குற்றம் உங்களுடையது. அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே "புத்தகத்த எடு, போ" என்று விரட்டியது யார்?

அறுபது பேருக்கு, தலைக்கு மூன்று என்று நூற்றெண்பது உருண்டை வேண்டும். அளவுகளைத் தயவுசெய்து கிராமில் எழுதுங்கள். 'ஒரு கை', 'கண் பார்த்து' என்றெல்லாம் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. போனில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான். ஆனால் அந்தப் பெரிய அடுப்புகளின் இரைச்சலில் உங்கள் காது மந்தமானதிலிருந்து, போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அறையில் ஜன்னலோரமாக ஒரு நீள மேசை இருக்கிறது. மதியம் எல்லோரும் அதைச் சுற்றித்தான் சாப்பிடுவார்கள். வந்து இரண்டு வருடம் ஆகிறது. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை. நான் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறேன். இந்த விருந்து நல்லபடியாக முடிந்தால் அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்று ஓர் ஆசை. இதை அண்ணியிடம் சொல்லாதீர்கள், அழுதுவிடுவார்.

உங்கள் தங்கை.

*

ஜனவரி 25

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் வந்தபோது நானூறு பேர் கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்கிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

கிராமில் கேட்டிருக்கிறாய். மளிகைக் கடைக்காரன் ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் இதுவரை நான் தராசைத் தொட்டிருக்கிறேன். ஆனாலும் வாத்தியாரம்மா கேட்டு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நேற்று முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். இவருக்கு என்ன பிடித்துவிட்டது என்று அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோதுமை மாவு மூன்று கிலோ. நெய் ஒன்றேகால் கிலோ. அதில் பாதியை விட்டு மாவைச் சின்னத் தீயில் வறு. வாசனை உன் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் பதம் சரி. அப்புறம் சர்க்கரை இரண்டு கிலோ, தண்ணீர் முக்கால் லிட்டர். பாகு கொதித்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலால் உருட்ட வரவேண்டும். அப்போது இறக்கி, மாவைக் கொட்டி, மீதி நெய்யும் முந்திரி முந்நூறு கிராமும் ஏலக்காய்ப் பொடி இருபது கிராமும் போட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடு. கை பொறுக்காது. பொறுத்துக்கொள்.

விருந்துக்கு முன்னால் ஒருதரம் கொஞ்சமாகச் செய்து பார்த்துவிடு. சரியாக வரவில்லை என்றால் உடனே எனக்கு எழுது. நாள் இருக்கிறது. அண்ணனிடம் கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கட்டாயம் எழுது.

நாற்காலி விஷயத்தை அண்ணியிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அண்ணன்.

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

விருந்து பிரமாதமாக முடிந்தது. உங்கள் உருண்டைதான் அன்றைக்குப் பேச்சு. நூற்றெண்பதும் காலி. தலைமையாசிரியை இரண்டாம் தடவை வந்து எடுத்துக்கொண்டார். பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருக்கிறார், பெரிய ஆள், எளிதில் எதையும் பாராட்டாதவர். அவர் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நேரடியாகவே செய்துவிட்டேன். பாகுக்கு ஆய்வகத்து வெப்பமானியை வைத்தேன். நீங்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வந்தது. எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

நாற்காலியும் கிடைத்துவிட்டது. மறுநாளே கணக்கு டீச்சர் ஆய்வகத்துக்கு வந்து, இங்கே என்ன தனியாக என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மதியம் ஜன்னலோர மேசையில்தான் சாப்பாடு. ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறது.

நீங்கள் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்ததால் எதையும் கேட்டு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. இனி இதற்காக உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். மிக்க நன்றி. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை.

*

மார்ச் 26

பாப்பா,

கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். அண்ணி மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வெண்ணெய் மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். பிடித்தபோது சொல்கிறாயா, மறுநாள் பரிமாறும்போதும் அப்படியே இருந்ததா? வயதானவர்கள் கடித்தார்களா? நான் எழுதியதற்கு மேல் நீயாக எதையாவது சேர்த்தாயா? சேர்த்திருந்தாலும் தப்பில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

வேறு என்ன எழுத? இங்கே வேலை இருக்கிறது. இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

பதில் போடு.

அண்ணன்.

*

ஏப்ரல் 8

அண்ணா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில். மறுநாளும் மெத்தென்றுதான் இருந்தது. வயதானவர்கள் கடித்தார்கள். நான் எதையும் சேர்க்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நன்றாக வந்தது என்று ஒரு தடவை சொன்னால் உங்களால் நம்ப முடியாதா? நான் பரீட்சையில் முதலாவதாக வந்தேன் என்று சொன்ன நாளிலும் நீங்கள் விடைத்தாளைக் காட்டு என்றுதான் கேட்டீர்கள். உங்கள் கைக்கு வருவது என் கைக்கும் வந்துவிட்டது என்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

பரீட்சைத் தாள்கள் குவிந்துகிடக்கின்றன. கொஞ்ச நாளைக்கு எழுத முடியாது. உருண்டைப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

தங்கை.

*

ஏப்ரல் 20

பாப்பாவுக்கு,

விட முடியவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அது வெண்ணெய் மாதிரி வந்திருக்க வழியே கிடையாது. நான் எழுதியபடி செய்தால் சூட்டோடு சூடாக மெத்தென்று இருக்கும். மறுநாள் காலையில் கல். ஏனென்றால் பாகை இறக்குவதற்கு முன்னால் அதில் அரை லிட்டர் பாலைக் கொதிக்கக் கொதிக்க விட்டுக் கிளற வேண்டும். பால் விட்டால்தான் பாகு இறுகாமல் இருக்கும். அதை நான் உனக்கு எழுதவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை. தெரிந்தே விட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷ வீட்டு அம்மா ருசி பிடித்துப்போய் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், சொல்ல முடியாது என்று சொல்லக்கூடாது, அது மரியாதை இல்லை. எல்லாவற்றையும் சொல்லுவோம், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. அவர்கள் செய்து பார்ப்பார்கள், வராது. என்ன இருந்தாலும் அவர் கைப்பக்குவம் வராது என்று அடுத்த விசேஷத்துக்கும் நம்மையே கூப்பிடுவார்கள். கை மூடுவது என்று இதற்கு நாங்களே பேர் வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த சமையல்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் யாரும் வீட்டு ஆளிடம் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் மார்ச் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணி பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். சொன்னேன். "கூடப் பொறந்தவகிட்டயுமா கைய மூடுவீங்க?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது என்று அவளிடம் சமாளித்தேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன், அது உண்மை இல்லை.

பால் என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லிவிட்டால் இவள் இனி எதற்கு எழுதப்போகிறாள் என்று தோன்றிவிட்டது. ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதுவும் உருண்டைக்காக. ஒத்திகை பார்ப்பாள், வராது, அண்ணா என்ன பண்ணணும் என்று எழுதுவாள், நானும் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன்று எழுதுவேன், இப்படி நாலு கடிதமாவது போய்வரும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ ஒத்திகை பார்க்காமல் நேராகச் சபையில் வைப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. நினைத்திருக்க வேண்டும். அந்த நாற்காலியைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகுதானே இந்த வேலையைச் செய்தேன்?

நீ எழுதியது பொய் என்று எனக்குப் படித்தவுடனே தெரியும். அதைச் சொல்லவைத்தவன் நான். என் காது போனதற்குப் பதில் இந்தக் கை போயிருக்கலாம். அன்றைக்கு என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

அண்ணன்.

*

மே 14

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். சுள்ளென்று வந்தது. பதிலும் எழுதிவிட்டேன், இரண்டு பக்கம், உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பினேன். அதில் எழுதியிருந்தது எல்லாம் உங்களைப் பற்றி மட்டுமே. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விருந்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் செய்தேன். சூட்டில் மெத்தென்று இருந்தது. மறுநாள் காலையில் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டினேன், டக் என்று சத்தம் வந்தது. அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் கொண்டுபோனேன். வெறுங்கையோடு நிற்பதற்கு இது பரவாயில்லை, வாயில் வைத்தால் கரையாதா என்று நினைத்தேன்.

முதலில் எடுத்துக் கடித்தவர் பாட்டு வாத்தியார். கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார் என்று எழுதினேனே, அவர் முடிந்துகொண்டு போனது அவருடைய முன்பல்லில் பாதி. கூடமே திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியை கையில் எடுத்ததைச் சத்தம் கேட்காமல் திரும்ப வைத்தார். என் முகம் எரிந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன், இதுதான் வந்தது:

"இத நான் செய்யல. எங்க அண்ணன் செஞ்சு அனுப்பினது. அவரு சமையல்காரர், படிச்சவர் இல்ல. அளவெல்லாம் அவருக்குத் தெரியாது."

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எனக்காகக் கிராம் கிராமாக நிறுத்து எழுதியவரைப் பற்றி இப்படிச் சொன்னேன். உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாட்டு வாத்தியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யாரோ என் தோளைத் தட்டி, பாவம் நீ என்ன செய்வாய் என்றார்கள். அண்ணா, அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இத்தோடு நின்றிருந்தால்கூட உங்கள் முகத்தில் விழித்திருப்பேன். மறுநாள் கணக்கு டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது உண்மை. எதற்குத் தெரியுமா? உன் அண்ணனைப் பற்றி இன்னும் சொல்லு என்று கேட்கத்தான். சொன்னேன். நீங்கள் உருண்டையை வைத்துச் சுவரில் ஆணி அடிப்பீர்கள் என்றேன். ஒருதரம் மாப்பிள்ளை வீட்டார் அதைக் கல்லென்று நினைத்து நாயை விரட்டினார்கள் என்றேன். தினமும் மதியம் ஒரு கதை. அவர்களும் பேர் வைத்துவிட்டார்கள். கஷ்டமான கேள்வித்தாள் வந்தால் 'அண்ணன் உருண்டை'. திறக்க மாட்டேன் என்கிற ஜன்னல் 'அண்ணன் உருண்டை'. போன வாரம் லீவு தராத தலைமையாசிரியையும் 'அண்ணன் உருண்டை'தான். அதை முதலில் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்று எழுதினேன். அதன் நாலு காலும் உங்கள் முதுகில்தான் நிற்கின்றன.

நூற்றெண்பதும் காலி என்று எழுதியதும் ஒரு வகையில் பொய் இல்லை. இரண்டு பையில் கட்டி ஆய்வகத்துக் குப்பைத்தொட்டியில் நான்தான் காலி செய்தேன். நீங்கள் பாலை மறைத்தீர்கள் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே பழியை உங்கள் தலையில் போட்டுவிட்டேன். பழி பிறகு பொருந்திப்போய்விட்டதால் நான் யோக்கியமானவள் ஆகிவிட மாட்டேன்.

ஒத்திகை பார்க்க நேரமில்லாமல் இல்லை. வராவிட்டால் உங்களிடம் கேட்க வேண்டுமே என்றுதான் பார்க்கவில்லை.

தங்கை.

*

மே 27

பாப்பா,

ஆணி அடிக்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். நாய்க் கதையிலும் கொஞ்சம் வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

அவர்கள் சிரித்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. முகம் தெரியாதவர்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நீயும் உட்கார்ந்து சிரித்தாய் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. பரவாயில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். இந்த வருடத்துக்கு நாம் இருவரும் சொன்ன பொய் போதும்.

ஆனால் நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இதெல்லாம் எங்கே வரப்போகிறது? யார் செய்தது பெரிது என்று நிறுக்க ஆரம்பித்தால் முடியாது. உன்னிடமாவது ஆய்வகத்துத் தராசு இருக்கிறது, என்னிடம் மளிகைத் தராசுதான்.

ஒன்று மட்டும் செய். பாலை விட்டு ஒருதரம் செய். அடுப்பை அணைத்த பிறகு விடாதே, பாகும் பாலும் இரண்டுமே கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். இதில் எதையும் நான் மூடவில்லை. அண்ணி படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். செய்து அந்த மேசைக்குக் கொண்டுபோ. என்னைப் பற்றி அவர்களிடம் எதுவும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கஷ்டப்பட்டுக் கிடைத்த இடத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு என்னைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவது மேல். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அவ்வளவு நல்லவனாக இருந்தால் முதலிலேயே பாலை எழுதியிருப்பேன்.

நாற்காலி விஷயம் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அழுதாள்.

அண்ணன்.

*

ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

செய்தேன். முப்பதுதான் செய்தேன். பால் விட்டதும் பாகு பொங்கிக்கொண்டு மேலே வந்தது, பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினேன், அமுங்கியது. நின்றபடியே தின்றேன். சின்ன வயதில் நீங்கள் விசேஷ வீட்டிலிருந்து வந்து, நான் படித்து முடித்த பிறகுதான் என் கையில் தருவீர்களே, அதே ருசி. அழுதுகொண்டே இன்னொன்றும் தின்றேன்.

மதியம் டப்பாவை மேசையில் வைத்ததும் எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார்கள். பாட்டு வாத்தியார் புதுப் பல் கட்டியிருக்கிறார். அவர் கடிக்காமல் விரலால் பிட்டுப் பார்த்தார். பிட்டதும் வந்துவிட்டது. வாயில் போட்டுக்கொண்டார். அடுத்ததை எடுத்துக்கொண்டே, இதுவும் உங்கள் அண்ணன் அனுப்பியதா என்று கேட்டார்.

"இல்ல, இது நான் செஞ்சது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படிச்சவங்க கை வேறதான் என்று கணக்கு டீச்சர் சொன்னார். நான் புன்னகை செய்தேன். கல்லாகப் போனது அண்ணனுடையது, நன்றாக வந்தது என்னுடையது. இரண்டும் என் வாயால் நான் சொன்னது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மாட்டேன். சொல்லிவிட்டால் எழுதுகிறேன். அதுவரை இந்தக் கடிதம் மேசையிலேயே கிடக்கட்டும்.

ஜூன் 12

நேற்று சொல்லவில்லை. இன்று சொன்னேன்.

எல்லோரும் டப்பாக்களைத் திறந்த பிறகு எழுந்து நின்றேன். "அன்னைக்குக் கல்லா இருந்ததும் நான் செஞ்சதுதான். எங்க அண்ணன் எதையும் அனுப்பல. முந்தாநாள் நீங்க சாப்பிட்டது அவர் எழுதி அனுப்பி, அதைப் பார்த்து நான் செஞ்சது. ஆணி, நாய் எல்லாம் நானே கட்டின கதை. எங்க அம்மா போனப்புறம் அவர்தான் அடுப்படியில வெந்து என்னைப் படிக்கவெச்சவர்" என்றேன்.

பாலைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

கணக்கு டீச்சர் டப்பாவை மூடிவைத்தார். யாரோ ஒருவர், விளையாட்டுக்குத்தானே சொன்னோம் என்றார். நானும்தான் சொன்னேன், உங்களைவிட அதிகமாகச் சொன்னேன் என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்பத்தான் போனேன், உங்களிடம் பொய் சொல்லவில்லை. அப்போது பாட்டு வாத்தியார் கேட்டார்.

"உங்க அண்ணன் பேரென்ன?"

மூன்று மாதமாக உங்களைச் சொல்லிச் சிரித்த யாருக்கும் அது தெரியாது. நான் சொன்னதே இல்லை.

சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கு எங்கேயோ போய் முட்டியது. திருத்தினேன். கணக்கு டீச்சர் முயன்றார், அவருக்கும் வரவில்லை. மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அழுகையோடு அழுகையாக நின்றுகொண்டு, எல்லோர் வாயிலும் உங்கள் பேர் சரியாக வரும்வரை நான் ஒருவரையும் விடவில்லை அண்ணா.

உங்கள் பாப்பா.